கோரையாக எழுந்த புல்

அன்று காலை ஆய்வகத்தில் இன்குபேட்டரைத் திறந்தபோது, செல் வளர்த்த தட்டு முழுக்க நீலமாக இருந்தது. மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இந்த நீலத்துக்காகத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். ஓடிப்போய் சீனியர் அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை, நான் அதை எடுத்த இன்குபேட்டரைப் பார்த்தார்.

"ராத்திரி இதுலயா வெச்ச?"

"ஆமாக்கா."

"மருந்து போடாத தட்டு எங்க? எடு."

அதுவும் நீலம். அக்கா ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். பிரிவதை நிறுத்திவிட்ட செல்லை, அதாவது மூப்படைந்த செல்லைக் கண்டுபிடிக்க 1995-ல் பெர்க்லியில் ஜூடித் காம்பிசியின் குழு ஒரு சாயச் சோதனையைக் கொண்டுவந்தது. எக்ஸ்-கேல் என்ற பொருளை ஊற்றினால், செல்லுக்குள் இருக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதி அதை வெட்டும், வெட்டினால் நீலம். ஆனால் அந்த நொதி எல்லாச் செல்லிலும் உண்டு. நல்ல புளிப்பில், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு) 4 வாக்கில், இளசு கிழடு பார்க்காமல் எல்லாமே நீலமாகும். பி.எச். 6-க்குக் கொண்டுவந்தால் நொதி சோம்பிவிடும். மூப்படைந்த செல்லிலோ அது மண்டிக் கிடப்பதால், சோம்பலையும் மீறி நீலம் கட்டும். மொத்தச் சோதனையும் அந்த 6 என்ற எண்ணில் நிற்கிறது. நான் வைத்ததோ கார்பன் டை ஆக்சைடு ஓடும் இன்குபேட்டரில். வாயு கரைந்து, வெளியே வைத்த மாவு போலக் கரைசல் விடிவதற்குள் புளித்துவிட்டது. மருந்து படாத, மூப்பே இல்லாத செல்களுக்கெல்லாம் நான் நீலம் அடித்திருந்தேன்.

பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, முனைவர் பட்டத்தை முடிக்காமலேயே வெளியே வந்தவள் நான். இப்போது மருந்து ஆவணங்களைப் படித்துத் திருத்துவது பிழைப்பு. ஆனாலும் "மூப்பு" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீலத் தட்டு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகம் அப்போதிருந்தே உண்டு. இப்போது அது சந்தேகம்கூட இல்லை.

செல்லுக்கு மூப்பு உண்டு என்பதே ஒருகாலத்தில் வம்பான பேச்சு. நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் 1912-ல் தொடங்கிவைத்த கோழிக்கரு இதயத் திசு 34 ஆண்டு சாகாமல் வளர்ந்துகொண்டிருந்தது. உடலுக்கு வெளியே எடுத்துவிட்டால் செல்லுக்குச் சாவே கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். 1961-ல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனிதச் செல்கள் சுமார் 50 தடவை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன என்று எழுதினார்கள். முதலில் அனுப்பிய இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. காரெலின் செல்களுக்குத் தீனியாக ஊற்றிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் உள்ளே போயிருக்கும் என்பது ஹேஃப்ளிக் பின்னால் சொன்ன விளக்கம். சுண்டக்குழம்பில் தினமும் புதுக்குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தால் சட்டி எப்படிக் காலியாகும்?

அடுத்த பெரிய திருப்பம் 1997-ல். மானுவல் செரானோவும் ஸ்காட் லோவும் ராஸ் என்ற புற்றுநோய் மரபணுவை நல்ல செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். வெறிபிடித்துப் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, நின்றுவிட்டது. பி53, பி16 என்று இரண்டு பிரேக்குகள் விழுந்து செல்லை நிறுத்தின. ஆக மூப்பு என்பது தேய்மானம் மட்டுமில்லை, உடல் வைத்திருக்கும் காவலும்கூட. உங்கள் கையில் இருக்கும் மச்சத்தைப் பாருங்கள். பெரும்பாலான மச்சங்களில் பிராஃப் என்ற புற்றுநோய் மரபணு திருகியிருக்கும், அதாவது அதன் எழுத்து மாறியிருக்கும். மெலனோமா என்ற தோல் புற்றில் காண்கிற அதே திருகல். கொஞ்சம் வளர்ந்து, அப்படியே வருடக்கணக்கில் நின்றுவிட்ட குட்டிக்கட்டி அது. 2005-ல் ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பீப்பரின் குழு மச்சத்துச் செல்களில் மூப்பின் அடையாளங்களைக் காட்டியது. உதட்டோரம் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று நம் ஊரில் சாஸ்திரமே இருக்கிறது. இந்தப் பலனை யாரும் சொல்லவில்லை.

நான் தட்டைப் புளிக்கவைத்த அதே வருடம், 2010-ல், அத்தைக்கு மார்பில் கட்டி. அப்பாவின் அக்கா. டெல்டாப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு மாடு, யாருக்கும் அடங்காத வாய். கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது, அக்குளில் இரண்டு நெறிகட்டிகள். அறுவைக்கு முன்னால் கீமோ கொடுத்துச் சுருக்கலாம் என்றார்கள். முதல் நான்கு சுற்றும் சிவப்பு மருந்து. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் அதை "ரத்தக் கலர் ட்ரிப்" என்றார்கள். அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அத்தை நடுராத்திரியில் வார்டையே எழுப்பிவிட்டார்.

டாக்சோரூபிசின். என் ஆய்வகத்தில் ஃப்ரீசரில் அலுமினியத் தாள் சுற்றி வைத்திருந்த அதே சிவப்பு. டி.என்.ஏ. படிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். முறுக்கைப் பிரித்துக் கட்டும் டோபோஐசோமரேஸ் நொதியைப் பாதி வேலையில் முடக்கி, இழையை அறுந்தபடியே விட்டுவிடும். பச்சை ஒளி பாய்ச்சினால் மருந்தே ஒளிரும் என்பதால், ஒளிர்வு மைக்ராஸ்கோப்பில் செல்லின் கரு மட்டும் ஆரஞ்சுச் சிவப்பில் மினுங்கும். வாரநாளில் அதைத் தட்டில் பார்ப்பேன், சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அத்தையின் கையில் ஏறுவதைப் பார்ப்பேன். என் தட்டில் இருந்த எம்.சி.எஃப்.-7 செல்களும் ஒரு பெண்ணின் மார்பகப் புற்றிலிருந்து வந்தவைதான். அவர் டெட்ராய்ட் பக்கம் 1970-ல் இறந்துபோன, 69 வயதான கன்னியாஸ்திரி. எத்தனையோ தேசத்து ஃப்ரீசர்களில் அவருடைய கட்டி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நான்கு சுற்று முடிந்ததும் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. "நல்லா ரெஸ்பாண்ட் பண்ணியிருக்கு" என்றார் மருத்துவர். அதன் பிறகு மற்ற கீமோ, அறுவை, அதன் பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள், அதன் பிறகு ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை. "எல்லாம் போயிடுச்சு" என்பதுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்.

தட்டில் நடந்ததை இப்போது சொல்கிறேன். டாக்சோரூபிசினை அதிகமாக ஊற்றினால் செல்கள் சுருங்கிப் பிய்ந்து மிதக்கும். செத்தது செத்ததுதான். அளவைக் குறைத்தால் வேறு காட்சி. மூன்றாம் நாள் பிரிவது நிற்கும். ஐந்தாம் நாள் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி செல் பரந்து தட்டையாகும். கரு ஊதிப் பெருக்கும், உள்ளே குமிழ் குமிழாகத் தெரியும். ஒழுங்கான இன்குபேட்டரில் வைத்துச் சாயம் போட்டால், இந்தத் தடவை நியாயமான நீலம். உயிரோடுதான் இருக்கும், சாப்பிடும், பிரியாது. பாடப்புத்தகத்தில் இதற்கு "மீளா நிறுத்தம்" என்று பெயர். மீளாது என்பது வரையறையிலேயே இருந்தது.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, இப்படி மருந்து போட்ட ஒரு தட்டைத் தூக்கி எறிய மறந்துவிட்டேன். யாரோ புண்ணியவான் நடுவில் செல்களின் தீனிக் கரைசலை மாற்றியிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பரந்து கிடந்த கிழட்டுச் செல்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னதாய், நெருக்கமாய், பளபளவென்று ஒரு கூட்டம். கடுகு அளவுகூட இல்லை. அடுத்த வாரம் அது மிளகு அளவானது.

வழிகாட்டியிடம் காட்டினேன். "ஒண்ணு ரெண்டு செல் மருந்துக்குத் தப்பிச்சிருக்கும், அதுதான் பெருகியிருக்கு" என்றார். மூப்படைந்தது எழவில்லை, மூப்படையாதது வளர்ந்தது. அதுதான் அன்றைக்குச் சரியான பதிலும்கூட. லட்சம் செல்லில் பத்து தப்பியிருந்தாலும் என் நீலச் சாயம் அதைக் காட்டாது. சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் செல்லைக் கொன்றாக வேண்டும், கொன்ற பிறகு அது எழுந்ததா என்று எப்படித் தெரியும்? தட்டில் ப்ளீச்சை ஊற்றினேன். இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததில்லை. அந்தத் துறையே வருடக்கணக்கில் இதில்தான் முட்டிக்கொண்டு நின்றது.

இன்னொரு பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. தானும் பெருகி மற்றச் செல்களையும் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் தண்டு செல், மூல உயிரணு என்று பல பெயர் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது குருத்தணு. வாழையை வெட்டினாலும் உள்ளிருந்து குருத்து நிமிருமே, அதுதான். டொராண்டோவில் ஜான் டிக்கின் குழு 1994-லும் 1997-லும் ரத்தப் புற்றுச் செல்களை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தது. எல்லாச் செல்லும் நோயை உண்டாக்கவில்லை, அரிதான ஒரு சிறு கூட்டம்தான் உண்டாக்கியது. 2003-ல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகப் புற்றிலும் அதைக் காட்டியது: சிடி44 என்ற மேலடையாளம் தூக்கலாகவும் சிடி24 அடங்கியும் இருக்கும் செல்கள் 100 போதும், எலியில் கட்டி வந்துவிடும், மற்றவை ஆயிரக்கணக்கில் போட்டாலும் வராது. புற்றின் குருத்தணு என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றியது. இந்தக் குருத்துகள் பல நேரம் மெதுவாகவே பிரியும், அறுந்த டி.என்.ஏ.வைச் சுறுசுறுப்பாகத் தைத்துக்கொள்ளும், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். பிரிகிற செல்லைக் குறிவைக்கும் கீமோ அவற்றை எங்கே பிடிப்பது?

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2008-ல் ஷான் மாரிசனின் குழு, எதிர்ப்புச் சக்தியை இன்னும் துப்புரவாக நீக்கிய எலியில் போட்டால் மெலனோமாச் செல்களில் நான்கில் ஒன்று கட்டியாகிறது என்று காட்டி, "அரிது" என்ற சொல்லையே ஆட்டம் காணவைத்தது. குருத்து என்பது பிறப்பிலேயே வரும் சாதியா, இல்லை எந்தச் செல்லும் ஏறி உட்காரக்கூடிய நாற்காலியா? பிறப்புதான் என்றால், குருத்தை மட்டும் கொன்றால் போதும். நாற்காலி என்றால் வேலை முடியவே முடியாது.

இந்த இரண்டு கதையையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டது பெர்லின். ஷாரிட்டே மருத்துவமனையின் கிளெமென்ஸ் ஷ்மிட் குழு. மாயா மிலனோவிச் முதல் ஆசிரியர். நேச்சர் இதழ், 2018. வேலை முடிந்து வீட்டில் இரவு இந்தக் கட்டுரையைத் திறந்தவள், மூடும்போது மணி இரண்டு.

அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது, அதனாலேயே அழகானது. எலியின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். மருந்து பட்டதும் செத்துவிடக் கூடாது என்பதற்காக பிசிஎல்2 என்ற சாவுத்தடையைச் சேர்த்தார்கள். டாக்சோரூபிசின் கொடுத்தால் இவை சாகாமல் மூப்புக்குள் போகும். மூப்புக்குள் போக ஒரு மரபணு அவசியம் வேண்டும்: எஸ்யூவி39எச்1, அல்லது பி53. அந்த மரபணுவுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். போட்டால் செல் மூப்படையும். அணைத்தால் மூப்பு நிற்க ஆதாரம் இல்லாமல் கலையும். என் பொங்கல் தட்டில் நான் பதில் சொல்ல முடியாமல் தவித்த கேள்வி இங்கே எழவே இல்லை. மூப்புக்குள் போனது யார், வெளியே வந்தது யார் என்பது அவர்கள் கையில் இருந்தது.

இதற்கு இணையாக இன்னொரு கூட்டம். அதே செல், அதே மருந்து, அதே அளவு. ஆனால் ஸ்விட்சை முதலிலிருந்தே அணைத்து வைத்ததால் மூப்புக்குள் போகாதவை. ஆக இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஒன்று மூப்பைப் பார்த்துவிட்டு வந்தது, மற்றது பார்க்காதது.

மூப்பிலிருந்து எழுந்தவைதான் ஜெயித்தன. அவை கொத்துக் கொத்தாக முளைத்தன, எலிக்குள் கட்டியைத் தொடங்கும் வலுவும் அவற்றுக்கே அதிகம். மூப்பில் கிடந்தபோதே செல் தன் மரபணு வாசிப்பை மாற்றிக்கொண்டிருந்தது. குருத்தணுவுக்கு உரிய பக்கங்கள் திறந்திருந்தன, வின்ட் என்ற பழைய வளர்ச்சிச் சமிக்ஞை உயர்ந்திருந்தது. அடுத்து ரத்தப் புற்று மாதிரிகளில் குருத்தே இல்லாத சாதாரணச் செல்களைப் பிரித்தெடுத்து, கொஞ்ச நாள் மூப்பில் வைத்து, விட்டார்கள். அவை நோயைத் தொடங்கும் குருத்தணுக்களாக எழுந்தன. நாற்காலிதான், அதில் ஏற்றி உட்காரவைக்கும் படிகளில் ஒன்று நாம் கொடுக்கும் சிகிச்சை.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். கீமோவால் வரும் மூப்பு நல்லது, அது எலியின் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2002-ல் ஸ்காட் லோவோடு சேர்ந்து காட்டியவரும் இதே ஷ்மிட்தான். பதினாறு வருடம் கழித்து, தான் நட்ட செடியின் வேரில் இருக்கும் விஷத்தையும் அவரே தோண்டிக் காட்டினார். இரண்டுமே சரி என்பதுதான் சிக்கல்.

2023 ஆரம்பத்தில் அத்தைக்கு இடுப்பு வலி. மூட்டுத் தேய்மானம் என்று தைலம் தேய்த்தே இரண்டு மாதம் போனது. ஸ்கேனில் எலும்பில் மூன்று இடம். பன்னிரண்டு வருடம் கழித்து.

"எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னாங்களே பாப்பா" என்றார் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை, கணக்கு உதைக்கிறதே என்பது போலக் கேட்டார்.

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் கணக்கு அப்படித்தான். 2017-ல் 62,923 பெண்களின் விவரங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. எல்லோரும் ஐந்து வருடம் மாத்திரை முடித்து, நோய் இல்லாமல் இருந்தவர்கள். அதன் பிறகு இருபதாம் ஆண்டு வரை, மட்டுப்படாமல் வருடா வருடம் ஒரே சீராக நோய் திரும்பிக்கொண்டே இருந்தது. அத்தை மாதிரி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கட்டியும் ஒன்று முதல் மூன்று நெறிகட்டியும் இருந்தவர்களில், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 26 சதவீதம் பேருக்கு வேறு உறுப்பில் வந்தது. அவ்வளவு காலம் அந்தச் செல்கள் எங்கே, எந்த நிலையில் கிடந்தன? சும்மா உறங்கினவா, மூப்பில் கிடந்து மீண்டனவா என்று அத்தையின் எலும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் அத்தை விடவில்லை. "நீ படிச்சதுதானே, சொல்லு." திண்ணையில் உட்கார்ந்து தட்டு, நீலம், பெர்லின் எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப கோரைன்னு சொல்லு" என்றார்.

விவசாயம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்கு: கோரைக் களையை மேலே பிடுங்கினால் தாள்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் மாலை கோத்தது போல ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கும். நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை உறங்கும். ஏர் ஓட்டியோ வெட்டியோ தொடுப்பை அறுத்துவிட்டால், தூங்கினதெல்லாம் தனித்தனியாக விழித்து முளைக்கும். களை எடுத்த வயலில் பத்து நாளில் இரண்டு மடங்கு கோரை நிற்பது இதனால்தான்.

உவமை பிரமாதம்தான். ஆனாலும் ஓரிடத்தில் இடித்தது. "கோரை தூங்கி எழுந்தா கோரையாத்தான் எழுந்திருக்கும் அத்தை. இது அப்படியில்ல. வெறும் புல்லு தூங்கப் போயி, எழுந்திருக்கும்போது கோரையா எழுந்திருக்கு."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அது கெட்ட சகவாசம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ராத்திரி யோசித்தால், அதிலும் பாதி உண்மை. மூப்படைந்த செல் சும்மா கிடப்பதில்லை. 2008-ல் காம்பிசியின் குழு எழுதியது போல, அது ஐஎல்-6, ஐஎல்-8 என்று அழற்சிப் பொருள்களைச் சுற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. காயம் ஆறும்போது இந்தக் கூச்சல் உதவி. பக்கத்துச் செல்லைப் புதுப்பிக்கத் தூண்டும், எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும். புற்றுக்கு நடுவே அதே கூச்சல் பக்கத்துச் செல்லையும் குருத்தாகத் தூண்டும். இதைவிடக் கோரமான ஒன்றை 2019-ல் அமெரிக்காவில் டூலேன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஜாக்சனின் குழு எழுதியது. கீமோ பட்டு மூப்படைந்த மார்பகப் புற்றுச் செல்கள் அக்கம்பக்கத்துச் செல்லை முழுசாக விழுங்கிச் செரித்துப் பிழைக்கின்றன. என் தட்டில் "குமிழ் குமிழாக" என்று நான் நோட்டில் எழுதிவைத்ததில் எத்தனை குமிழ் பக்கத்து வீட்டுக்காரனோ.

இப்படி ஒன்றைப் போய் மூப்பு என்பதா? 2013-ல் பார்சிலோனாவிலும் மாட்ரிட்டிலும் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கருவில் வளரும் எலிக்குஞ்சிலேயே இந்தச் செல்களைக் கண்டன. உறுப்புக்கு வடிவம் கொடுக்க வந்து, வேலை முடிந்ததும் அகற்றப்படுகின்றன. பிறக்காத குழந்தைக்கு மூப்பு! ஹேஃப்ளிக் தட்டில் கண்ட காட்சிக்கு வைத்த பெயர், வரலாற்றுத் தவறு போல ஒட்டிக்கொண்டுவிட்டது. மூத்தது தளர்ந்து, ஒடுங்கி, போய்ச் சேரும் என்றே அந்தச் சொல் நம்மை எதிர்பார்க்க வைக்கிறது. ஒருவேளை "பதுங்கல்" என்று பெயர் வைத்திருந்தால், அது மீளுமா என்ற கேள்வியை நாற்பது வருடம் முன்னாலேயே கேட்டிருப்போம்.

பெர்லின் தனியாக நிற்கவில்லை. 2021-ல் நியூயார்க்கில் ஆரி மெல்னிக்கின் குழு, கடும் ரத்தப் புற்றில் கீமோவுக்குத் தப்பும் செல்கள் மூப்பு போன்ற ஒரு நிலைக்குள் போய், அங்கிருந்து நோயைத் திரும்பத் தொடங்குவதைக் காட்டியது. சாதாரணச் செல்களும் இதைச் செய்தன, ஏ.டி.ஆர். என்ற நொதியைத் தடுத்தால் அந்த வழி அடைபட்டது. அதே வருடம் டொராண்டோவில் கேத்தரின் ஓ'பிரையனின் குழு பெருங்குடல் புற்றில் வேறொன்றைக் கண்டது. உணவில்லாக் காலத்தில் சில விலங்குகளின் கரு வளராமல் கருப்பையிலேயே காத்திருக்குமே, அந்த உத்தியைப் புற்றுச் செல்கள் மருந்துக்கு எதிராகப் பயன்படுத்துகின்றன. புதுத் திருகல் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே உடலில் எழுதிவைத்ததை எடுத்து வாசித்தால் போதும். மருந்துக்கு ஈடுகொடுக்க மரபணு மாற்றம் நேர வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பதுங்குவதற்கு அதுகூட அவசியமில்லை.

என்னதான் வழி? மூப்பில் கிடப்பதை எழும் முன்னால் அடிப்பது. சாவுத்தடை பிசிஎல் குடும்பம்தான் பல மூப்புச் செல்களைத் தாங்குகிறது என்பதால் நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். செல் விழுகிறது, ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அதே தடையை நம்பித்தான் வாழ்கின்றன, அவையும் விழுகின்றன. 2020-ல் கொரினா அமோரும் ஸ்காட் லோவும் மூப்புச் செல்லின் மேலடையாளத்தைப் பார்த்து வேட்டையாடும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை எலியில் செய்துகாட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸின் குழு, முதல் மருந்தால் செல்லை வேண்டுமென்றே மூப்புக்குள் தள்ளி, இரண்டாவது மருந்தால் வீழ்த்தும் முறையைக் கல்லீரல் புற்றில் 2019-ல் காட்டியது. எலியில் நடந்ததும் மனிதருக்கு ஆவதும் ஒன்றல்ல, இடைவெளி பெரிது.

இங்கே ஒரு வார்த்தை. டாசாடினிப் என்ற புற்று மருந்தும் குவெர்செட்டினும் சேர்ந்து மூப்புச் செல்லைக் கொல்லும் என்று 2015-ல் மேயோ கிளினிக்கின் கிர்க்லாண்டும் மற்றவர்களும் எழுதினார்கள். குவெர்செட்டின் வெங்காயத்தில் இருக்கிறது. போதாதா? சின்ன வெங்காயம் தின்றால் புற்று போகும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது. வெங்காயம் சாம்பாருக்கு நல்லது. கீமோ நடக்கும்போது ஆன்லைனில் குவெர்செட்டின் டப்பா வாங்கி விழுங்குவது, மருத்துவரிடம் சொல்லாமல் செய்யக்கூடாத காரியம்.

2010 கீமோவுக்குப் பிறகு அத்தைக்கு வந்த அசதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் எழ முடியாது. மனசுதான் காரணம் என்றார்கள் சொந்தக்காரர்கள். 2017-ல் ஒரு குழு டாக்சோரூபிசின் கொடுத்த எலிகளில் மூப்புச் செல்களை அகற்றியபோது, எலிகள் சக்கரத்தில் மறுபடி ஓடின. புற்று திரும்புவதும் குறைந்தது. மருந்து புற்றுச் செல்லை மட்டும் மூப்பாக்கவில்லை, நல்ல செல்லையும் ஆக்கியிருந்தது. அதைச் சொன்னபோது அத்தை, "உன் சித்தப்பன்கிட்ட சொல்லு, சோம்பேறின்னான்" என்றார்.

இந்தத் தடவை சிவப்பு மருந்து இல்லை. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்ளிப். பால்போசிக்ளிப் 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்து உள்ளூர்த் தயாரிப்புகள் வந்ததால்தான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. இது சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு நொதிகளைக் கட்டிப்போடுகிறது. அவற்றைக் கட்டிப்போடுவது உடலில் யார் வேலை தெரியுமா? பி16. மூப்புக்குள் தள்ளும் அதே பிரேக். அதன் வேலையை மாத்திரையாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். பெரிய பரிசோதனையில், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் நகராமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 14.5 மாதம், இதையும் சேர்த்தவர்களுக்கு 24.8 மாதம்.

மருந்துக்கடைப் பையைப் பிரித்து வைத்தபடி அத்தை கேட்டார். "இது அதைக் கொன்னுடுமா?"

"கொல்லாது அத்தை. நிறுத்தி வைக்கும்."

"தூங்க வைக்குது."

"அப்படித்தான்னு வைங்க."

"தூங்கிட்டு எழுந்தா வேற மாதிரி எழும்னு நீதானே சொன்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல இருந்ததெல்லாம் தட்டிலும் எலியிலும் நடந்தவை.

"சரி, விடு" என்றார். "நான் முழிச்சிருக்கற வரைக்கும் அது தூங்கட்டும்."

இப்போது 29-ஆவது சுற்று. சாமி அறைக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியில் இடைவெளி வாரத்தின் ஏழு தாளிலும் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்திருக்கிறார். இன்று காலை போனில் பேசும்போது வெள்ளை அணு எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டேன். வியாழக்கிழமைதான் ரத்தம் எடுப்பார்களாம். தெற்கு வயலில் கோரை ஏகமாக வந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை என்று அரை மணி நேரம் திட்டினார்.